பெரியப்பா விட்டுப்போன ஆறு கிரேஞ்ச்: குடிப்பதா, வைப்பதா, விற்பதா?

தெற்குக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒயின் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்களா தெரியாது, இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என் மனைவியின் பெரியப்பா அடிலெய்டில் நாற்பது வருடம் டாக்டராக இருந்தவர், போன வருடம் தவறிவிட்டார். பெரியம்மா அந்த வீட்டைக் காலி செய்து மெல்பர்னில் எங்கள் பக்கத்துக்கே வருகிறார். சாமான் ஒழிக்கப் போன இடத்தில், மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில், உடைந்த மிக்ஸிக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியின் கிரேஞ்ச் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின், 1990 விளைச்சல், ஆறு பாட்டில், ஒன்றுகூடத் திறக்கவில்லை. 1995 தேதி போட்ட கடை ரசீதும் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்திருந்தது, விலை எழுதிய இடம் மட்டும் மை மங்கிப் படிக்க முடியவில்லை.

பெரியம்மா "எனக்கு அந்த நாத்தமே ஆகாது, நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். நான் எப்போதாவது பியர் குடிக்கிற ஆள், ஒயினில் சிவப்பு, வெள்ளை என்ற அளவுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டில் ஆயிரம் டாலர் பக்கம் போகும் என்று சொன்னதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மனைவி விற்றுவிடலாம் என்கிறாள். மச்சான் இன்னும் பத்து வருடம் வைத்தால் இரண்டு மடங்கு ஆகும் என்கிறான். எனக்கு, உண்மையைச் சொன்னால், அது எப்படித்தான் இருக்கும் என்று ஒரு வாய் குடித்துப் பார்க்க ஆசை. என்ன செய்யலாம்?

வட்டிக்கணக்கு

சிங்கப்பூரிலிருந்து. விற்றுவிடுங்கள், யோசிக்க ஒன்றும் இல்லை.

வங்கியில் போட்டால் வட்டி வரும், வீடு வாங்கினால் வாடகை வரும், ஒயினை வைத்திருந்தால் அது நம்மிடம் வாடகை கேட்கும். குளிர்பதனக் கிடங்குக்கு வருடா வருடம் பணம், காப்பீடு, கடைசியில் விற்கும்போது ஏல நிறுவனத்துக்குக் கமிஷன். வாங்குபவரும் விலைக்கு மேல் ஒரு சதவீதம் ஏல நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும், அதை மனதில் வைத்துத்தான் அவர் கேட்பார், ஆகவே அதுவும் உங்கள் பையிலிருந்து போவதுதான். 2022 கடைசியிலிருந்து உலகச் சந்தையில் உயர்ரக ஒயின் விலை இறங்குமுகமாகத்தான் இருந்தது. உங்கள் மச்சான் சொல்லும் இரண்டு மடங்கு எந்தக் கணக்கில் வருகிறது என்று அவரையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மண்டிமனிதன்

அவசரப்படாதீர்கள் வட்டி அண்ணே. குடிப்பதா விற்பதா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. பாட்டிலுக்குள் என்ன உயிரோடு இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

தெற்குக்காற்று, ஒவ்வொரு பாட்டிலையும் மெதுவாக நிமிர்த்தி வைத்து, பின்னால் டார்ச் அடித்து, ஒயின் எது வரை நிற்கிறது என்று பாருங்கள். தக்கை வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், போன இடத்தில் காற்று வந்து உட்காரும். 35 வயது பாட்டிலில் மட்டம் கழுத்துக்குள்ளேயே நின்றால் அது அதிர்ஷ்டம், கழுத்தின் அடியில் என்றால் நல்லது, கழுத்து விரிகிற தோளின் மேல்பகுதி என்றால் வயதுக்கு ஏற்ற இறக்கம். நடுத்தோள் வரை வந்துவிட்டால் சந்தேகம். அதற்கும் கீழே என்றால் நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், குடிக்க அல்ல.

அப்புறம் மேலே உள்ள உறையைப் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். சுற்றினால் நல்ல அறிகுறி. ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தால் உள்ளிருந்து கசிந்து காய்ந்திருக்கலாம். தக்கை மேலே எழும்பி உறையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறதா, லேபிளில் வழிந்த கறை உண்டா, அதையும் பாருங்கள்.

லேபிளில் வெறும் 'கிரேஞ்ச்' என்றுதானே இருக்கிறது? 1989 வரை 'கிரேஞ்ச் ஹெர்மிடேஜ்' என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெர்மிடேஜ் பிரான்சின் ரோன் பகுதியில் திராட்சை விளையும் ஒரு குன்று, அந்தப் பெயரை வெளியார் போடக்கூடாது என்று ஐரோப்பியர்கள் பிடித்த பிடியில் 1990இலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த 1990தான் 1995இல் அமெரிக்காவின் வைன் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த ஒயின் என்று தேர்ந்தெடுத்தது. உங்கள் பெரியப்பா வாங்கிய அதே வருடம். மனிதர் விவரம் தெரிந்துதான் வாங்கியிருக்கிறார்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று: முப்பது வருடமும் அந்த அலமாரியில்தான் இருந்ததா?

தெற்குக்காற்று

ஆமாம், அங்கேயேதான். பெட்டி பக்கவாட்டில் படுத்திருந்தது, ஆகவே பாட்டில்களும் படுத்தே இருந்தன. ஏசி ஹாலிலும் படுக்கையறையிலும் மட்டும்தான். 2019 ஜனவரியில் அடிலெய்டில் 46.6 டிகிரி அடித்த அன்று நாங்கள் அங்கே இருந்தோம், மாடிப்படிப் பக்கம் கால் வைக்க முடியவில்லை, செருப்பு போட்டுக்கொண்டு நடந்தோம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று பாட்டிலில் கழுத்தின் அடியில் நிற்கிறது. இரண்டில் தோளின் மேல்பகுதி. ஒன்றில் நடுத்தோள், அதன் உறை ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை, பக்கத்தில் பிசுபிசுப்பு. லேபிளில் கிரேஞ்ச் மட்டும்தான்.

மோர்க்குழம்பு

இதற்கெல்லாம் ஓர் இழையா? ஆறாயிரம் டாலருக்குச் சாராயம், அதைப் படிக்கட்டுக்குக் கீழே ஒளித்து வைத்தவர் ஒருவர், அதைத் திருகிப் பார்க்க ஐந்து பேர். சாக்கடையில் ஊற்றிவிட்டு பாட்டிலில் மணிப்ளாண்ட் வையுங்கள்.

மண்டிமனிதன்

மோர் அண்ணா, அவர் ஒளித்து வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை. முப்பது வருடம் தொடாமல் வைத்திருந்த ஆளைக் குடிகாரர் என்று சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும்.

தெற்குக்காற்று, வருத்தமான செய்தி. ஒயினுக்குப் பிடித்தது 12, 13 டிகிரி, இருட்டு, கொஞ்சம் ஈரப்பதம், அசையாமல் கிடப்பது. உங்கள் அலமாரியில் இருட்டும் அசையாமையும் இருந்திருக்கிறது, படுத்துக் கிடந்ததால் தக்கை காயாமலும் இருந்திருக்கும். ஆனால் கோடைதோறும் சூடேறி மாரியில் குளிர்ந்திருக்கிறது. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், குளிரில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், முப்பது கோடை என்றால் முப்பது முறை அது மூச்சு விட்டிருக்கிறது. அந்த நடுத்தோள் பாட்டிலின் கதை அதுதான்.

பென்ஃபோல்ட்ஸே ஒவ்வொரு ஆண்டின் ஒயினையும் எது வரை வைத்துக் குடிக்கலாம் என்று கணக்கு வெளியிடுகிறது, 1990 இன்னும் நன்றாகவே நிற்கும் ஆண்டுதான். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் நல்ல கிடங்கில் தூங்கிய பாட்டிலுக்கு. 46 டிகிரியில் வெந்ததற்கு யாரும் கணக்கு போட்டுத் தர மாட்டார்கள். உங்கள் மச்சானின் பத்து வருடத் திட்டத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பாதாளக்கிடங்கு

வணக்கம், லண்டனிலிருந்து. நான் வைன் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், உங்களுக்கு எது பொருந்துமோ அதை எடுங்கோ.

இங்கே விலை உயர்ந்த வைனில் பெரும்பகுதி ஒருத்தர் வீட்டுக்கும் போவதில்லை. தீர்வை கட்டாத கிடங்கில் இறங்கும், அங்கேயே இருந்து ஐந்து கை மாறும், வாங்கியவர்களில் நாலு பேர் பெட்டியைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். வெளியே எடுக்கிற அன்றைக்குத்தான் தீர்வையும் வற் வரியும். வில்ட்ஷயரில் முந்தி கட்டடக் கல் வெட்டி எடுத்த சுரங்கத்துக்குள்ளேயே அப்படி ஒரு கிடங்கு இருக்கிறது, கோடையும் மாரியும் அங்கே ஒரே குளிர். ஏலத்தில் நல்ல விலை போவது அந்த மாதிரிப் பெட்டிகள்தான். ஏனென்றால் வாங்குகிறவர் பணம் கொடுப்பது வைனுக்கு மட்டுமல்ல, அது எங்கே, எப்படி, யாரிடம் இருந்தது என்ற கதைக்கும்தான்.

அந்தக் கதை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ரூடி குர்னியவான் என்று ஒருத்தர். அமெரிக்காவில் பழைய பர்கண்டி, போர்டோ என்று பிரெஞ்சு வைன்களை வீட்டுச் சமையலறையிலேயே போலியாகக் கலந்து, லேபிள் ஒட்டி, கோடிக்கணக்கில் விற்றவர். 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் அவர் கொடுத்த, பர்கண்டியில் வைன் செய்யும் பொன்சோ குடும்பத்தின் பெயர் போட்ட குளோ சான் டெனி தோட்டத்துப் போத்தல்கள் வந்தன, சிலதில் 1945 என்றிருந்தது. அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்து வைனைச் செய்யத் தொடங்கியதே 1980களில். லோரான் பொன்சோ பிரான்சிலிருந்து பறந்து வந்து ஏலத்திலிருந்து எடுக்க வைத்தார். குர்னியவான் 2012இல் பிடிபட்டு, 2014இல் பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அதுக்குப் பிறகு ரசீது இல்லாத பழைய போத்தல் என்றால் எல்லோரும் ஒரு அடி பின்னுக்குத்தான் நிற்பார்கள்.

உங்களுடையது முழுக்க ஒரே ஆளின் கையில் இருந்தது, 1995 ரசீது இருக்கு, அதே பெட்டி. அது சின்ன விஷயமில்லை. சூடு பட்டது குறைதான், ஆனால் கழுத்தடியில் நிற்கிற அந்த மூன்றுக்கும் ஆள் வரும். ஒன்று மட்டும், எங்கே இருந்தது என்று கேட்டால் அலமாரி என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.

சிரிக்க ஒரு விஷயம்: இங்கே ஐம்பது வருடத்துக்குள் கெட்டுப்போகும் பொருள் என்றால் விற்கிற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அதனால் ஒரே போத்தலை வாங்க வந்தவரிடம் "இது நூறு வருடம் நிற்கும்" என்பார்கள், வரித்துறையிடம் "ஐயோ, இது இப்பவே கெட்டுப்போகப் போகுது" என்பார்கள். வரித்துறையும் நல்ல வைன் என்றால் அவ்வளவு சுலபமாக நம்பாது.

வட்டிக்கணக்கு

நான் ஏன் இவ்வளவு கடுப்பாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2008இல் ஹாங்காங் ஒயினுக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கியது. சீனப் பணம் முழுக்க அங்கே கொட்டியது, அதுவும் லாஃபித் என்ற ஒரே பிரெஞ்சு ஒயினின் மேல். 2008 லாஃபித் பாட்டிலில் எட்டு என்ற சீன எழுத்தைப் பொறிக்கப்போகிறோம் என்று 2010இல் அறிவித்தார்கள். எட்டு அவர்களுக்கு ராசி எண், உள்ளே இருக்கும் ஒயின் நேற்று இருந்த அதே ஒயின், விலை மட்டும் ஒரே நாளில் எகிறியது. நான் 2011 தொடக்கத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். விற்ற தரகர் போனில் பேசின பேச்சுக்கு நானே இன்னொரு பெட்டியும் கேட்டிருப்பேன், பணம் இல்லாததால் தப்பித்தேன். அந்த வருட நடுவிலிருந்து சரிய ஆரம்பித்தது. ஆறு வருடம் வாடகை கட்டி வைத்திருந்து, போட்டதை விடக் குறைத்து விற்றேன். ஒரு சொட்டுக்கூட ருசி பார்த்ததில்லை. இதை என் மனைவி ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைவுபடுத்துவாள்.

தெற்குக்காற்று

வட்டி அண்ணா, சிரித்ததற்கு மன்னிக்கணும்.

வேறொரு விஷயம். மச்சான் இன்னும் விடவில்லை. 1951 கிரேஞ்ச் ஒரு பாட்டில் லட்சம் டாலருக்கு மேல் போயிருக்கிறது, பழசாக ஆகத்தான் விலை என்கிறான். உண்மையா?

மண்டிமனிதன்

விலை உண்மை. காரணம் வேறு. 1951 முதல் முறையாக, சோதனைக்காகச் செய்தது, விற்பனைக்கே வரவில்லை, மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. 1951 தொடங்கி ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பாட்டில் என்று வரிசை முழுவதும் சேர்ப்பதை லட்சியமாக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த ஒரு பல் இல்லாவிட்டால் வாய் முழுக்க பொக்கை. தபால்தலை மாதிரி. அதை யாரும் குடிக்க வாங்குவதில்லை. 1990 தாராளமாகக் கிடைக்கும் ஆண்டு, அந்தத் தர்க்கம் இங்கே ஓடாது.

ஆனால் கிரேஞ்ச் கதையில் உங்கள் மச்சானுக்குச் சாதகமான பகுதியும் உண்டு, நியாயமாக அதையும் சொல்கிறேன். இதைச் செய்த மேக்ஸ் ஷூபர்ட் 1950இல் பிரான்சின் போர்டோ பகுதிக்குப் போனார். அங்கே நாற்பது, ஐம்பது வருடப் பழைய ஒயின்கள் உயிரோடு இருப்பதைக் குடித்துப் பார்த்துவிட்டு, ஆஸ்திரேலியாவிலும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று ஷிராஸ் திராட்சையை வைத்து ஆரம்பித்தார். வெளியே எடுத்துக் கொடுத்தபோது ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள், நிர்வாகம் 1957இல் நிறுத்தச் சொல்லிவிட்டது. மனிதர் நிறுத்தவில்லை. 1957, 58, 59 மூன்று வருடமும் அடிலெய்டு மகில் பாதாள அறையில் திருட்டுத்தனமாகச் செய்து மறைத்து வைத்தார். முதலில் செய்தவை பாட்டிலுக்குள் கிடந்து பக்குவமான பிறகு அதே நிர்வாகம் ருசித்துப் பார்த்து, 1960இல் மறுபடி செய் என்றது. ஆக, காத்திருப்பதற்காகவே பிறந்த ஒயின்தான். ஆனால் ஷூபர்ட் மறைத்து வைத்த இடம் குளிர்ந்த பாதாள அறை, மாடிப்படிக்கு அடியில் இல்லை.

நிறுவனமே 1991இலிருந்து தக்கை மாற்றும் முகாம் நடத்துகிறது. 15 வருடத்துக்கு மேற்பட்ட அவர்களின் சிவப்பு ஒயினை எடுத்துப்போனால் திறந்து, துளி ருசி பார்த்து, தேறினால் அதே ஒயினின் புதிய ஆண்டைக் கொஞ்சம் விட்டு நிரப்பி, புதுத் தக்கை போட்டு, சான்று ஒட்டித் தருவார்கள். கிட்டத்தட்ட கண் சிகிச்சை முகாம் மாதிரி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள் ஆட்கள், மடியில் பாட்டிலோடு. மட்டம் இறங்கியவற்றுக்குத்தான் அது, கழுத்தடியில் நிற்பதை எக்காரணம் கொண்டும் திறக்க விடாதீர்கள். சேகரிப்பவர்களில் சிலருக்கு முகாமுக்குப் போய்வந்த பாட்டிலே பிடிக்காது, அறுவை சிகிச்சை செய்த கல்யாணப் பொண்ணு மாதிரி பார்ப்பார்கள்.

நெல்லை_அக்கா

மண்டி தம்பி, அந்தக் கடைசி உவமை வேண்டாம்.

நான் அடிலெய்டில்தான் இருக்கேன், ஒயின் குடிப்பேன், நன்றாகவே குடிப்பேன். இவ்வளவு பேர் இவ்வளவு எழுதிட்டீங்க, ஒருத்தர்கூட ஒன்றைக் கேட்கவில்லை. தெற்குக்காற்று தம்பி, பெரியப்பா 1995இல் எந்த ஆண்டின் ஒயின் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். ஏன் 1990 மட்டும் ஆறு? 1990இல் அந்த வீட்டில் என்ன நடந்தது?

இந்த ஊரில் பிள்ளை பிறந்த வருடத்து ஒயினை வாங்கி வைத்து, பிள்ளைக்கு 21 ஆகும்போது திறப்பது வெள்ளைக்காரக் குடும்பங்களில் பழைய வழக்கம். கிரேஞ்ச் கடைக்கு வரவே அப்போது ஐந்து வருடம் ஆகும், 1990 பாட்டில் 1995இல்தான் கிடைத்திருக்கும். உடன் வேலை பார்த்த டாக்டர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள்.

தெற்குக்காற்று

அக்கா.

அவர்களுக்கு ஒரே மகள். 1990 நவம்பரில் பிறந்தவள். பெர்த்தில் இருக்கிறாள். என் மனைவி இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வட்டிக்கணக்கு

சரி, இது நல்ல கதைதான், ஆனால் கதையால் விலை மாறாது. 2011இல் அந்தப் பெண்ணுக்கு 21 ஆனபோது ஏன் திறக்கவில்லை? அவர் மறந்திருக்கலாம், அல்லது நாம்தான் இங்கே கற்பனை பண்ணிக்கொண்டிருக்கலாம். மூன்று நல்ல பாட்டிலையும் ஒன்றாக விற்றால் ஒரு கணிசமான தொகை, அது அந்தப் பெண்ணுக்கே போகட்டும். உணர்ச்சிக்கு ஒன்று திறங்கள், போதும்.

நெல்லை_அக்கா

விற்கக்கூடாது என்று நான் சொல்லவே இல்லையே. யாருடையது என்று தெரியாமல் விற்காதீங்க என்கிறேன். பெரியம்மா "எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னது அதன் விலை தெரியாமல் சொன்னது. நாளைக்கு யாராவது ஒருத்தர் "அது ஆறாயிரம் டாலர் சாமானாமே" என்று கல்யாண வீட்டில் பேசினால் உங்கள் முகம் என்ன ஆகும்? விலையைச் சொல்லி, மகளிடமும் சொல்லி, அப்புறம் கேளுங்கள்.

மண்டிமனிதன்

அக்கா சொல்வதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். கிரேஞ்ச் பாட்டிலை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில் ஓர் அரசே ஆடியிருக்கிறது. 2014இல் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பேரி ஓ'ஃபாரல், தனக்கு 1959 கிரேஞ்ச் பரிசாக வரவே இல்லை என்று ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன் சொன்னார், அவர் பிறந்த ஆண்டு பாட்டில் அது. மறுநாள் அவர் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வந்து நின்றது. பதவி விலகினார். வேண்டுமென்று பொய் சொன்னதாக ஆணையம் முடிவு கட்டவில்லை, மறந்துவிட்டதாகத்தான் அவரும் சொன்னார். 1959 என்பது ஷூபர்ட் திருட்டுத்தனமாகச் செய்த மூன்றில் ஒன்று. மறைத்துச் செய்த ஒயின், மறந்துபோன பரிசு.

அப்புறம் இன்னொன்று. உரிமம் இல்லாமல் நீங்கள் நேரடியாக இணையத்தில் விளம்பரம் போட்டு மது விற்கக்கூடாது, ஏல நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். மச்சானிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

தெற்குக்காற்று

மகளிடம் பேசினோம். அவளுக்கு இது எதுவும் தெரியாது. 21ஆவது பிறந்தநாளுக்கு அவள் தோழிகளோடு பாலித் தீவுக்குப் போய்விட்டாளாம், "அப்பா அன்னிக்கு கொஞ்சம் உம்முனு இருந்தாரு, நான் ஊருக்குப் போறதுக்காகன்னு நெனச்சேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மெல்பர்ன் வருகிறாள். ஒன்றைத் திறக்கலாம் என்று முடிவு. எதைத் திறப்பது, எப்படித் திறப்பது? என் மச்சான் சாதாரணத் திருகாணியோடு தயாராக நிற்கிறான், பயமாக இருக்கிறது.

பாதாளக்கிடங்கு

அவரைத் தடுங்கோ. 35 வருடத் தக்கை பழைய ரொட்டி மாதிரி, நடுவில் திருகி இழுத்தால் பாதி வெளியே வரும், பாதி உள்ளே விழும். இரண்டு மெல்லிய தகடு உள்ள திறப்பான் கிடைக்கும், தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் அசைத்து அசைத்து இறக்கி, திருகிக்கொண்டே மேலே எடுக்க வேண்டும். பொறுமைதான் முக்கியம்.

மண்டிமனிதன்

தோள் மட்டத்தில் நிற்கும் இரண்டில் ஒன்றைத் திறங்கள். நல்லதை முதலில் திறந்தால் மனசு கேட்காது, மோசமானதைத் திறந்தால் அது மற்றவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. இதுவும் மற்றவற்றைப் பற்றி முழுசாகச் சொல்லாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பெட்டியில் பிறந்த ஆறும் ஆறு தக்கையை நம்பி வாழ்ந்தவை.

மெல்பர்ன் வந்த பாட்டில்களுக்குச் சில வாரம் ஓய்வு கொடுங்கள். திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு செங்குத்தாக நிறுத்திவிடுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். துவர்ப்புச் சத்தும் நிறமும் ஒன்றோடொன்று கோத்துக் கனத்து அடியில் படிவதுதான் அந்த மண்டி, கெடுதல் இல்லை, வாயில் மணல் மாதிரி இருக்கும் அவ்வளவே. விளக்குக்கு எதிரே பிடித்து ஒரே சீராகக் கண்ணாடிக் குடுவையில் வடியுங்கள், மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். தக்கைத் தூள் விழுந்தால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டலாம், ஆனால் சோப்பு வாசம் இருக்கக்கூடாது, வெந்நீரில் மட்டும் அலசுங்கள். மணிக்கணக்கில் திறந்து வைக்க வேண்டாம். முதலில் ஒரு வாய், பத்து நிமிடம் கழித்து ஒரு வாய், அதுவே சொல்லும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்து போகவே இல்லை என்றால் அது தக்கையின் கோளாறு, அலமாரியைத் திட்டாதீர்கள், எந்த வயதிலும் எந்தக் கிடங்கிலும் வரும்.

சாப்பாட்டில் காரம் குறையுங்கள். மிளகாய்க் காரத்துக்கு முன்னால் இந்த வயசான ஒயின் வாயைத் திறக்காது.

மோர்க்குழம்பு

வேட்டியில் வடிகட்டுகிறார்களாம். நான் இந்த இழையைத் தினமும் படிக்கிறேன் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

தெற்குக்காற்று

முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோள் மட்டப் பாட்டில் ஒன்றைத் திறந்தோம். திறப்பான் இருந்தும் தக்கை பாதியில் விட்டுவிட்டது, வேட்டித் துணிக்கு வேலை வந்தது. குடுவையில் பார்த்தால் நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். முதலில் வந்த வாசம் பூட்டிய பெட்டியைத் திறந்த மாதிரி, எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. மண்டி தம்பி சொன்ன மாதிரி பத்து நிமிடம் விட்டோம். அப்புறம் உலர்ந்த பிளம், புகையிலை, தோல் செருப்புக் கடை, இன்னும் என்னென்னவோ. பெரியம்மா தூரத்திலேயே உட்கார்ந்திருந்தவர் டம்ளரை வாங்கி முகர்ந்துவிட்டு "நாவப்பழம் ஊறின மாதிரி இருக்கு" என்றார், ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் ருசி தேய ஆரம்பித்தது, அதற்குள் பாட்டில் முடிந்துவிட்டது. நான் குடித்ததிலேயே சிறந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, நான் குடித்தது நாலு வகைதான்.

நடுத்தோள் பாட்டிலையும் அன்றே திறந்தோம், ஆர்வம் தாங்கவில்லை. காடி. மச்சான் மட்டும் "பரவாயில்லையே" என்று அரை டம்ளர் குடித்தான், மறுநாள் அதைப் பற்றிப் பேச மறுத்துவிட்டான்.

கழுத்தடியில் நிற்பவற்றின் படங்களை ரசீதோடு ஏல நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். எடுத்துக்கொள்கிறோம், ஆனால் வீட்டு அலமாரியில் இருந்தது என்று குறிப்பு போட்டுத்தான் விற்போம் என்றார்கள், அதற்கேற்ற கணிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை விடக் கணிசமாகக் குறைவு. மகள்தான் பிரித்தாள். இரண்டு ஏலத்துக்கு, பணம் பெரியம்மா பெயரில். ஒன்று அவளுக்கு. மீதியுள்ள தோள் மட்டப் பாட்டில் எங்களுக்கு, அதை இந்த வருடத்துக்குள் குடித்துவிடச் சொல்லிவிட்டாள்.

பெரியம்மா விலையைக் கேட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவ்வளவு பெறும்னா அவரு ஏன் ஒரு நாளும் வாயைத் தொறக்கல?" எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

வட்டிக்கணக்கு

மூன்றையும் சேர்த்து விற்றிருக்க வேண்டும். இப்போதும் அதையேதான் சொல்வேன். செங்கல் நிறம் என்றீர்களே, படம் எடுத்தீர்களா?

பாதாளக்கிடங்கு

மகள் தன்னுடையதை எப்படி பெர்த்துக்குக் கொண்டுபோனா? கையில்தானே?

தெற்குக்காற்று

கையில்தான், உள்நாட்டு விமானம் என்பதால் விட்டார்கள். மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். போனதும் சின்ன ஒயின் குளிர்பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள், உள்ளே அந்த ஒன்று மட்டும் படுத்திருக்கும் படம் அனுப்பினாள். எப்போது திறப்பாய் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

வட்டி அண்ணா, படம் எடுத்தேன், மங்கலாக இருக்கிறது, அனுப்புகிறேன்.

மோர்க்குழம்பு

அந்தக் காலி பாட்டில் இரண்டையும் என்ன செய்தீர்கள்?

தெற்குக்காற்று

ஒன்றில் பெரியம்மா மணிப்ளாண்ட் வைத்துவிட்டார், மோர் அண்ணா.